ஏரிநீரும் மீன்குஞ்சும்

நம் நாட்டுச் சட்டப் புத்தகத்தில் மீனைக் குறித்து ஒரு வரி உளது. 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளோடு 1993-இல் சேர்க்கப்பட்ட பொதுத் தர அட்டவணையில், வெப்பம், ஈயம், பாதரசம், எண்ணெய் என்று நீண்டு செல்லும் எண்களின் நடுவே, அது பலர் கண்ணிற் படாது கிடக்கின்றது. ஆலையினின்று வெளிவரும் கழிவுநீரில், வேறு நீர் ஒரு துளியும் கலவாது, மீன்களை விட்டு வைத்தால், 96 மணி நேரம் கழிந்தபின் அவற்றுள் 100-க்கு 90 உயிரோடிருத்தல் வேண்டும் என்பதே அவ்வரியின் பொருள். ஏனைய வரிகளெல்லாம் கருவிகளை நோக்கிக் கேட்கின்றன. இஃதொன்றே உயிரை நோக்கிக் கேட்பது. ஆதலின் யான் இதனைப் பெரிதும் மதிக்கின்றேன். ஆயினும், எந்த மீன், எத்தனை நாள் வயதுடையது என்பதை அவ்வரி கூறாது விட்டது; சாவையன்றி வேறொன்றையும் எண்ணச் சொல்லாது விட்டது. இவ்விரு குறைகளையும் தீர்த்து, முட்டையினின்று அப்போதுதான் வெளிவந்த குஞ்சினைச் சாட்சியாக ஏற்குமாறு செய்தல் வேண்டுமென்பதும், அதனை முதற்கண் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்து ஏரிகளிலேயே தொடங்குதல் தகுமென்பதும் என் கருத்து.

அவ்வட்டாரத்தை ஏன் குறித்தேன் என்பதைச் சொல்லுதல் முறை. இராமாநுஜர் தோன்றிய தலமென்று மட்டும் நம் முன்னோர் அறிந்திருந்த ஸ்ரீபெரும்புதூரைச் சூழ்ந்து, இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் ஆகிய இடங்களிலெல்லாம் இன்று சிப்காட் தொழிற்பேட்டைகள் பரந்து கிடக்கின்றன. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிஸான் ஆலை திறக்கப்பெற்றது. லாரியும் மோட்டார் சைக்கிளும் டயரும் கண்ணாடியும் கைப்பேசியும் இப்போது அங்கே பிறக்கின்றன. நம் கல்லூரியிற் பயின்றோர் பலர் அவ்வாலைகளிற் பணிபுரிந்து தம் குடும்பத்தைக் காக்கின்றனர். அவர் உழைப்பையும் அத்தொழில்களையும் பழித்தல் என் நோக்கமன்று.

ஆனால் ஆலைகள் வருமுன்னரே அங்கு ஏரிகள் இருந்தன. ஒன்றின் மிகைநீர் கலங்கல் வழியே அடுத்ததை அடையுமாறு முன்னோர் அவற்றைச் சங்கிலிபோற் கோத்து வைத்தனர். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளில் மிஞ்சும் நீர் செம்பரம்பாக்கத்தை நோக்கிச் செல்கின்றது; ஒரகடம், படப்பை, மணிமங்கலம் பகுதிகளின் மிகைநீர் அடையாற்றை நாடுகின்றது. 364.5 கோடி கன அடி கொள்ளும் செம்பரம்பாக்கத்து நீரைச் சென்னை மக்கள் பருகுகின்றனர். ஆகவே மேலேயுள்ள ஏரியொன்றில் கெண்டைக்குஞ்சுக்கு ஒவ்வாதது எது என்று வினவுதல் மீன் பிடிப்பார்க்கு மட்டும் உரிய காரியமன்று.

இனி, எண்களாலாய வரிகள் இருக்க மீன் எதற்கு என்று கேட்போருக்கு ஒன்று காட்டுவேன். அவ்வட்டவணையே, உள்நாட்டு நீர்நிலையிற் சேரும் கழிவுநீரில் கட்டற்ற அமோனியா லிட்டருக்கு 5 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கின்றது. ஓரிரண்டு மில்லிகிராம் அளவிலேயே மடியும் மீன்கள் பலவுள. அதனினும் குறைந்த அளவில் மடிவனவும் உள. துத்தநாகத்துக்கு 5 மில்லிகிராமும், நிக்கலுக்கும் தாமிரத்துக்கும் 3 மில்லிகிராமும் எல்லையாக வைத்தனர். கழிவுநீர் ஆற்றிலோ ஏரியிலோ கலந்து மெலியும் என்னும் நம்பிக்கையில் அவ்வெண்கள் நிற்கின்றன. சித்திரை வைகாசியில் வற்றிச் சேறாய்க் கிடக்கும் ஏரியில் எது எதனொடு கலந்து மெலியும்? எண்ணின் வாயிலைத் தடையின்றிக் கடந்த நீரும் மீனின் வாயிலில் தடைப்படக்கூடும் என்பது இதனால் விளங்கும்.

அன்றியும், ஒரு பொருளின் நஞ்சு அப்பொருளின் அளவில் மட்டும் அடங்குவதன்று. நீரின் காரத்தன்மையைக் குறிக்கும் பி.எச். என்னும் அளவு ஓர் எண் ஏறினால் கட்டற்ற அமோனியா ஏறக்குறைய பத்து மடங்கு பெருகும். வெயிலேறப் பாசி நிறைந்த ஏரியில் பிற்பகலில் பி.எச். ஏறுதல் அன்றாட நிகழ்ச்சி. சுண்ணாம்புச் சத்து மிக்க கடின நீரில் துத்தநாகமும் தாமிரமும் அடங்கி நிற்கும். அவ்வளவே மென்னீரிற் பட்டால் மீனின் செவுளைப் பழுதாக்கும். கார் உடலை முதலில் காரக் கரைசலால் எண்ணெய் போகக் கழுவி, பின் துத்தநாக பாஸ்பேட் தொட்டியில் அமிழ்த்தி, அதன்பின் மின்சாரத்தால் வண்ணம் ஏற்றுவர். இவ்வொவ்வொரு தொட்டியின் கழுவுநீரும் வெவ்வேறு குணமுடையது. இவை ஒன்றோடொன்று கூடியபோது யாதாகும் என்பதைத் தனித்தனி எண்களைக் கூட்டி அறிய வழியில்லை. மீனோ அக்கூட்டு முழுவதையும் ஒருங்கே பருகிப் பதில் சொல்கின்றது.

நிற்க. குஞ்சு ஏன் என்னும் வினாவே முதன்மையானது. வளர்ந்த விரால் நீர்மட்டத்திற்கு வந்து காற்றை விழுங்கி வாழ வல்லது. சேற்றிலும் உயிர் தாங்கும். அதன் குஞ்சுகளுக்குத் தொடக்கத்தில் அவ்வாற்றல் இல்லை. செந்நிறப் பந்துபோற் கூடி நீந்தும் அவற்றைத் தாயும் தந்தையும் காவல் காப்பதை ஏரிக்கரையில் வளர்ந்தவர் கண்டிருப்பர். பகைமீனினின்று காக்கலாம், நீரே பகையானால் யார் காப்பர்? குஞ்சின் உடல் சிறிது. அவ்வுடலுக்கு ஏற்ப நோக்கின் தோற்பரப்போ பெரிது. நஞ்சைச் சிதைத்து வெளியேற்றும் உறுப்புக்கள் இன்னும் முற்றவில்லை. கருவின் மஞ்சட்பை தீர்ந்து முதன்முதல் இரை தேடும் நாட்களில் அது சற்றே சோர்ந்தாலும் பட்டினியால் மாளும். அவ்வாறு மாண்ட குஞ்சுகள் பெரிய மீன்களைப்போல் வெள்ளை வயிறு தெரிய மிதந்து பத்திரிகைக்குச் செய்தியாவதில்லை; ஒரு நாளிற் கரைந்துவிடும். அடுத்த ஆண்டு வலையில் மீன் குறையும்போது மழையின்மேற் பழிபோடுவோம்.

இது வெறும் ஊகமன்று. அமெரிக்காவில் டுலூத் நகரத்து ஆராய்ச்சிசாலையைச் சேர்ந்த மக்கிம் என்பார், மீன்களின் வாழ்நாள் முழுதும் நடத்தப்பெற்ற நெடிய பரிசோதனைகளை, முட்டைப் பருவத்திலும் குஞ்சுப் பருவத்திலும் மட்டும் நடத்தியவற்றோடு ஒப்பிட்டு 1977-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பெரும்பாலான பொருள்களுக்கு, இளம்பருவச் சோதனை காட்டிய தீங்கற்ற அளவே வாழ்நாட் சோதனையின் அளவுக்கு மிக அணித்தாய் நின்றதென்று அதிற் கண்டார். பலமாதப் பரிசோதனை சொல்லும் செய்தியைச் சில வாரங்களிற் பெறலாம் என்பதாயிற்று. பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி நிறுவனம் 1992-இல் வகுத்த 210-ஆம் எண் நெறிமுறை இக்கொள்கையை ஒட்டியதே. அதன்படி, கருவுற்ற முட்டையைப் பல அளவுகளில் மருந்து கலந்த நீரிலும், கலவாத ஒப்புநீரிலும் இட்டு, எத்தனை பொரிந்தன, எத்தனை பிழைத்தன, பிழைத்தவை எவ்வளவு நீளமும் எடையும் பெற்றன, எவற்றின் முதுகு வளைந்தது, எவை பக்கம் சாய்ந்து நீந்தின என்றெல்லாம் குறிப்பர். நம் சட்டத்து வரியோ நான்காம் நாள் இறுதியில் உயிருளதா என்று மட்டும் கேட்கின்றது. முதுகு வளைந்து இரை கொள்ளாது கிடக்கும் மீனும் அக்கணக்கில் உயிருள்ள மீனே.

இப்பரிசோதனைகளில் உலகமெங்கும் பயன்படும் வரிக்குதிரை மீன் நம் நாட்டினது என்பதை இங்குச் சொல்லாமற்போக மனமில்லை. கங்கை நாட்டு மீன்களை ஆராய்ந்த பிரான்சிஸ் ஹாமில்டன் 1822-இல் அதனை முதன்முதல் விவரித்தெழுதினார். நெல்வயல் ஓரத்து வாய்க்கால்களில் ஓடித்திரியும் இச்சிறு மீனை ஒரிகன் பல்கலைக்கழகத்து ஸ்ட்ரைசிங்கர் ஆராய்ச்சிக்கு உரியதாக்கினார். 2013-இல் அதன் மரபணுத் தொகுதியை முற்றும் படித்தோர், மனிதனுடைய மரபணுக்களுள் 100-க்கு 70 அளவுக்கு அதனிடத்தும் ஒப்புமை உண்டென்று கண்டனர். அதன் முட்டை கண்ணாடிபோல் தெளிவானது. ஒரு நாளில் இதயம் துடிப்பதையும் மூன்று நாளில் குஞ்சு வெளிவருவதையும் எளிய நுண்ணோக்கியாலேயே காணலாம். சென்னைக் கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் இம்மீன் எளிதிற் கிடைக்கும்.

வேறொன்று. ஒரகடத்திற்கு மிக அருகே படப்பையில், முன்னர்ப் ஃபிரெட்ரிக் பெயரால் வழங்கிய நச்சுநூல் ஆராய்ச்சி நிலையம் இப்போது சர்வதேச உயிர்த்தொழில்நுட்ப நச்சியல் நிலையம் என்னும் பெயரோடு விளங்குகின்றது. பூச்சிமருந்து முதலிய பொருள்களின் நஞ்சினை விலங்குகளிடத்தும் நீர்வாழ் உயிர்களிடத்தும் அளந்தறிதல் அதன் தொழில். 2011 மார்ச்சு 3-ஆம் நாள் முதல், இந்தியாவில் உரிய கண்காணிப்பின்கீழ் இயங்கும் ஆராய்ச்சிசாலைகளின் முடிவுகளை மேற்சொன்ன நிறுவனத்து நாடுகள் மறுசோதனை வேண்டாமலே ஏற்றுக்கொள்கின்றன. ஐரோப்பிய நாடுகள் 2006-இல் இயற்றிய இரசாயனச் சட்டமோ, ஆண்டுக்கு 100 டன் அளவை எட்டும் பொருளுக்கு நீண்டகால மீன் சோதனையைக் கேட்கின்றது. எனவே ஐரோப்பாவில் ஓர் ஆற்றைக் காக்கும் பொருட்டு நம் நாட்டு ஆராய்ச்சிசாலையில் மீன்குஞ்சு சாட்சி சொல்லக்கூடும். அச்சாட்சியை அங்கே ஏற்பர். இங்கேயோ பூச்சிமருந்துகளுக்கு 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மீன்நச்சு விவரம் வேண்டப்படுகின்றதேயன்றி, கார் உடலைக் கழுவும் கரைசலுக்கு அவ்விதி இல்லை. திறமையும் தொட்டியும் கற்றோரும் அடுத்த ஊரிலேயே இருக்க, அத்திறமையை நம் ஏரியின்பால் திருப்பும் கட்டளை மட்டும் இல்லாதிருத்தல் வியப்பன்றோ!

இதற்கு ஆலைத் தலைவர் சிலர் கூறும் விடை யான் அறிந்ததே. "கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடுவதில்லை, முற்றும் தூய்மை செய்து மீண்டும் பயன்படுத்துகின்றோம், இல்லாத கழிவுநீருக்கு மீன் எதற்கு?" என்பர். அவர் சொல்லை அப்படியே கொள்வோம். கொண்டபின்னும் வினா தீர்ந்தபாடில்லை என்பதற்கு அமெரிக்க நாட்டுச் சியாட்டில் நகரத்துக் கதையொன்று போதும்.

அந்நகரத்து ஓடைகளுக்குக் கோஹோ என்னும் சால்மன் மீன்கள் கடலினின்று இலையுதிர்காலத்தில் முட்டையிட வரும். மழை பெய்தவுடன் அவை தள்ளாடி வாய் பிளந்து, முட்டையிடாமலே சில மணி நேரத்தில் இறந்தன. ஆண்டுதோறும் இவ்வாறு நிகழ்ந்தும் காரணம் புலப்படவில்லை. வாஷிங்டன் மாகாணத்துப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர், சாலையில் தேயும் டயரின் துகளை நீரில் ஊறவைத்து, அந்நீரைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இளங்கோஹோ மீன்களை விட்டுப் பார்த்தனர். 2,000-க்கு மேற்பட்ட பொருள்களைக் கழித்துக் கழித்து இறுதியில் ஒன்றே எஞ்சியது. 2020 டிசம்பரில் அதனை உலகறியச் செய்தனர். டயர் வெடிக்காமற் காக்கும்பொருட்டு அதிற் சேர்க்கும் 6பிபிடி என்னும் பொருள், காற்றிலுள்ள ஓசோனுடன் கூடிக் குயினோனாக மாறுகின்றது, அதுவே கொலையாளி. லிட்டருக்கு 95 நானோகிராம், அதாவது ஒரு இலட்சம் கோடிப் பங்கில் 95 பங்கு, இளங்கோஹோக்களுள் பாதியைக் கொல்லப் போதும் என்று 2022-இல் கணக்கிட்டனர். எந்த ஆலைக் குழாயினின்றும் அது வந்ததில்லை. யாரும் அதனைச் செய்து விற்கவுமில்லை. சாலையில் ஓடிய ஒவ்வொரு வண்டியும் சிறிது சிறிதாக உதிர்த்தது. மழை அதனை ஓடைக்குக் கொண்டுசென்றது.

இதில் நாம் பெரிதும் கவனிக்கற்பாலது வேறொன்று. அதே ஓடை நீரில் சம் என்னும் மற்றொரு சால்மன் இனம் நலமாய் வாழ்ந்தது. ஜப்பானில் வரிக்குதிரை மீனை அக்குயினோன் கலந்த நீரில் விட்டபோதும் அது சாகவில்லை. சியாட்டில் ஆராய்ச்சியாளர் விற்பனைக்குக் கிடைக்கும் மீனை மட்டும் கொண்டு சோதித்திருப்பின், டயர்நீர் தீங்கற்றதென்றே எழுதி முடித்திருப்பர். அவ்வோடையின் மீனையே கேட்டதனால் விடை கிடைத்தது. ஆகவே வரிக்குதிரை மீனின்பால் எனக்குள்ள மதிப்பு குன்றாவிடினும், நம் ஏரிக்கு அதன் சாட்சி ஒன்றே போதும் என்று சொல்லேன். ஒரகடம் வட்டாரத்தில் டயர் ஆலைகளும் உள; வண்டலூர்–வாலாஜாபாத் சாலையிலும், சிங்கப்பெருமாள்கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையிலும், பெங்களூர் நெடுஞ்சாலையிலும் இரவும் பகலும் கண்டெய்னர் லாரிகள் ஓடுகின்றன. கோடை முழுதும் படிந்த துகளை ஐப்பசியின் முதல் மழை வாய்க்காலில் இறக்குகின்றது. அக்குயினோன் நம் கெண்டையையும் விராலையும் கொல்லும் என்று யான் கூறவில்லை. கேட்டுப்பார்க்க வேண்டும் என்கின்றேன்.

கேட்பதும் அரிதன்று. நம் ஏரிமீன்களின் முட்டை வேண்டியபோது கிடையாது என்னும் சாக்கு 1957 ஜூலை 10-ஆம் நாளே ஒழிந்தது. அன்றுதான் ஒரிசாவின் அங்குல் என்னுமிடத்தில் ஹீராலால் சௌதுரியும் அலிகுன்ஹியும், மூளையடிச் சுரப்பியின் சாற்றை ஊசியிட்டு நம் நாட்டுக் கெண்டையினங்களைக் குளத்து நீரிலேயே முட்டையிடச் செய்து வெற்றி கண்டனர். இன்று ரோகு, கட்லா குஞ்சுகளைப் பொரிப்பகங்கள் இலட்சக்கணக்கில் விற்கின்றன. அவையே ஏரிகளில் விடப்படுகின்றன. விடுமுன் அவ்வேரிநீரில் சிலவற்றை நான்கு நாள் வைத்துப் பார்த்தல் குத்தகைக்காரருக்கும் இலாபமே.

ஜீவகாருண்யம் உடையோர் இவ்விடத்தில் என்னைக் கடிந்துகொள்ளலாம். பெரிய மீனைச் சாகவிடுதலே கொடுமையென்றால் குஞ்சைச் சாகவிடுதல் அதனினும் கொடுமையன்றோ என்பர். நியாயமான வினா, இதனை எளிதாகத் தள்ளிவிடும் விஞ்ஞானியை யான் நம்பமாட்டேன். விடை இரண்டு. 2013-இல் வகுத்த 236-ஆம் எண் நெறிமுறை, பொரியாத முட்டையிலேயே சோதனையைப் பெரும்பாலும் முடித்துவிடுகின்றது: கரு திரைந்ததா, முதுகுக் கணுக்கள் தோன்றினவா, வால் மஞ்சட்பையினின்று பிரிந்ததா, இதயம் துடிக்கின்றதா என்னும் நான்கே வினாக்கள். தானே இரையுண்ணும் பருவம் எய்தாத கருவைத் துன்புறும் விலங்காக ஐரோப்பியச் சட்டம் எண்ணுவதில்லை. மற்றொன்று, ஏரியில் எண்ணுவாரின்றி இறக்கும் குஞ்சுகளுக்காகவும் நம் நெஞ்சு இரங்கவேண்டும். 20 முட்டைகளைத் தொட்டியில் இட்டு ஓர் ஏரியின் சினை முழுவதையும் காப்பது கொடுமையாகாதென்றே கருதுகின்றேன். ஆயினும் வேடிக்கைக்காகவும், மதிப்பெண்ணுக்காகவும், முன்னரே விடை தெரிந்த ஒன்றை மறுபடி காட்டுதற்காகவும் மீனைக் கொல்லும் வழக்கம் கல்லூரிகளினின்று அறவே நீங்குதல் வேண்டும்.

விலங்கியல் பயிலும் மாணவரை நோக்கி இதனைச் சொல்கின்றேன். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வாரத்தில், ஏரிக்கு நீர் கொணரும் வாய்க்காலின் வாயிலில் முதல் வெள்ளத்தைக் கண்ணாடிப் புட்டிகளில் எடுக்கலாம். அதனை முழுமையாகவும், பாதியாகவும், காலாகவும், அரைக்காலாகவும் நல்ல கிணற்று நீரோடு கலந்து, ஒவ்வொன்றிலும் 20 கெண்டை முட்டையும் 20 வரிக்குதிரை மீன் முட்டையும் இட்டு, தனிக் கிணற்று நீரிலும் அவ்வாறே இட்டுப் பார்க்கலாம். குழாய்நீர் உதவாது, அதிலுள்ள குளோரின் குஞ்சைக் கொல்லும் என்பதை வீட்டில் மீன் வளர்க்கும் சிறுவரும் அறிவர். வெப்பம், பி.எச்., கரைந்த பிராணவாயு இம்மூன்றையும் நாடோறும் குறித்தல் வேண்டும்; இல்லையேல் மூச்சு முட்டிச் செத்ததை நஞ்சால் செத்ததென்று மயங்குவோம். கிணற்று நீரிலேயே 10-க்கு ஒன்றுக்கு மேல் மடிந்தால் அச்சோதனையைத் தள்ளிவிட்டு மீண்டும் தொடங்கவேண்டும். இத்தகைய மாணவர் கணக்கு நியாயமன்றத்தில் செல்லாது, செல்லவும் கூடாது. அதன் பயன், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆராய்ச்சிசாலை எந்த வாய்க்காலில் எப்போது நீரெடுக்க வேண்டும் என்பதைக் காட்டுதலே. மழை ஓய்ந்து பத்து நாள் கழித்து எடுத்த நீர் எதையும் சொல்லாது.

வாரியத்தினிடம் யான் வேண்டுவன மூன்று. அச்சட்டவரியில் மீனின் வயதும் இனமும் குறிக்கப்படுதல் வேண்டும். ஆலைக்குழாய் ஒன்றையே நோக்காது, முதல் மழையின்போது ஏரியின் வாயிலிலும் இச்சோதனை நடைபெறுதல் வேண்டும். அதன் முடிவு, எத்தனை முட்டையிட்டு எத்தனை பொரிந்தன என்னும் எளிய தமிழில், ஏரியின் மீன்குத்தகை அறிவிப்பு ஒட்டப்படும் அதே பலகையில் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டப்படுதல் வேண்டும்.